பாரம் தாங்காத தூண்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். நான்காவது மாடி. கூடத்தைக் கடந்து கண்ணாடிக் கதவை நகர்த்தி, "இதுதான் நம்ம திண்ணை" என்று காட்டினார். ஐந்தடி அகலமுள்ள பால்கனி. தரையில் ஆத்தங்குடிக் கல். ஒரு மூலையில் பித்தளை உருளி, அதில் மிதக்கும் பூக்கள். இன்னொரு மூலையில் புத்தர் தலை (தலை மட்டும் ஏன் என்று எவரும் கேட்பதில்லை). இரு ஓரங்களிலும் கடைந்தெடுத்த தேக்குத் தூண்கள். காரைக்குடியில் வாங்கினாராம். தட்டிப் பார்த்தோம், நல்ல மரம். அண்ணாந்து பார்த்தபோதுதான் தூணின் தலைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி இருப்பது தெரிந்தது. தூண் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை.

நண்பரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்ல வாசகர். அந்தத் தூண்களை வாங்கும் ஆசையை அவருக்கு ஊட்டியதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு என்பதால்தான் எழுதுகிறோம். திண்ணையைப் பற்றி உருகி எழுதாத தமிழ்ச் சிற்றிதழ்க்காரர் யார்? 1990களின் இறுதியில் தமிழ் இலக்கியம் இணையத்துக்குள் நுழைந்தபோது தொடக்க இதழ்களில் ஒன்றுக்குப் பெயரே 'திண்ணை'. மின்விளக்கு வராத கிராமம், வெற்றிலைச் செல்லம், வழிப்போக்கன், மோர், பிறகு ஒரு பெருமூச்சு. இந்த வரிசையில் நாங்களும் நான்கைந்து கட்டுரைகளாவது எழுதியிருப்போம். இன்று அந்தப் பெருமூச்சை விலைப்பட்டியலாக்கி விற்கிறார்கள். வீட்டின் வெளிப்புறத்தை 'அனுபவிப்பது' எப்படி என்று சொல்லித்தர அலங்கார நிபுணர்கள் வந்துவிட்டார்கள். நமது ஏக்கத்தின் சொற்களே அவர்களது விளம்பரத்தின் சொற்களாகவும் இருக்கின்றன.

முதலில் அந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய செல்வம் செட்டிநாட்டு வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வணிகம் சரிந்தது. வாரிசுகள் பெருகினார்கள், பாகம் பிரிப்பதில் பிணக்குகளும் பெருகின. ஆளில்லாத வீட்டைப் பராமரிப்பதைவிடப் பிரித்து விற்பது எளிது. பிரித்த வீட்டின் கதவும் நிலையும் தூணும் உத்தரமும் தனித்தனியாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியலில் ஏறியும் வீடுகள் பிரிபடுவது நின்றுவிடவில்லை. ஆக, பால்கனியில் ஒரு திண்ணை 'மீட்கப்படும்' ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு நிஜத் திண்ணை கூரை இழந்து நிற்கிறது. இதைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று சொல்வது, சிலையைத் திருடியவன் பூசையும் செய்வதைப் பக்தி என்பதற்கு ஒப்பானது.

ஆத்தங்குடிக் கல்லின் கதை வேறு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். சூளையே கிடையாது. கல்லின் மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. இன்றும் கையால் செய்யப்படும் பொருள் அது, அதை வாங்குவதால் எவர் வீடும் இடிவதில்லை. அலங்காரத்தின் மேல் எங்களுக்குப் பகை இல்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

பகை வேறொன்றின் மேல். திண்ணையின் அடையாளம் தூணிலோ தரையிலோ இருந்ததில்லை, அது பார்த்த திசையில் இருந்தது. வீட்டுக்காரரின் மண்ணில், வீட்டுக்காரரின் செலவில், தெருவைப் பார்த்துக் கட்டப்பட்ட இருக்கை அது. கதவு அதற்குப் பின்னால்தான் வரும். ஆகவே கதவைத் தட்டாமலே ஒருவர் வந்து உட்காரலாம். பல ஊர்களில் தலைசாய்த்துப் படுக்கச் சுவரோடு சேர்த்துச் சாய்மானமும் கட்டியிருப்பார்கள். படுக்கப் போகிறவன் யாரென்று கட்டும்போது தெரியாது. திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்தது. ஆங்கிலேய ஆவணங்கள் அதைப் 'பயால்' பள்ளி என்று குறித்தன. அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வாசித்தவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூட உலகம் பழக்கமானது.

திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவர் சந்தித்த கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. மழை இரவில் ஒருவர் படுக்கவும் இருவர் உட்காரவும் மூவர் நிற்கவும் மட்டும் இடமுள்ள இடைகழி அது. திண்ணையல்ல, அதையொட்டிய நடை. நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார் என்கிறது கதை. தெய்வம் வருவதற்கு வைணவம் தேர்ந்தெடுத்த கட்டடப்பகுதி கருவறையாகவோ மாளிகையாகவோ இல்லாமல், இன்னொருவர் வீட்டு வாசற்பகுதியாக இருப்பது எங்களுக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அந்த இடத்தில் ஓர் உருளியும் ஒரு புத்தர் தலையும் இருந்திருந்தால் மூன்றாமவருக்கே இடமிருந்திருக்காது.

இந்த இடத்தில் உருகலை நிறுத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் முன்பு எழுதிய கட்டுரைகள் இங்கேதான் பொய்யாயின. 'யாரும்' வந்து உட்காரலாம் என்றோமே, யார் அந்த யாரும்? 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீரெடுக்கவும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடையிருக்கக் கூடாது என்பதற்கான தீர்மானம். தெருவில் நடப்பதற்கே சட்டசபை கூடவேண்டிய நாட்டில் திண்ணையில் உட்காருவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வழிப்போக்கனுக்கு மோர் கொடுத்த திண்ணைதான் சாதி கேட்டு எழுப்பிவிட்ட திண்ணையும். பகற்பொழுதில் அது ஆண்களின் இடம் என்பதையும் நமது நினைவோடைகள் மறந்துவிடுகின்றன. பெண்களுக்கு வெட்டவெளி என்பது முற்றம், கொல்லைப்புறம், கிணற்றடி. நான்கு சுவருக்குள் ஒரு சதுர வானம்.

ஆகவே திண்ணையை அப்படியே மீட்க வேண்டும் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் நடந்திருப்பது என்ன? தெருவைப் பார்த்த இருக்கை என்னும் அரிய யோசனை ஒன்று இருந்தது, அதில் யார் அமரலாம் என்ற அநீதி ஒன்றும் இருந்தது. நாம் கைவிட்டது யோசனையை. அநீதியை மட்டும் பத்திரமாகப் பெயர்த்து எடுத்துவந்து நான்காம் மாடியில் வைத்திருக்கிறோம். முன்பு சிலரை எழுப்பிவிட வாய் திறக்க வேண்டியிருந்தது. இப்போது மதிலும் காவலாளியும் கண்காணிப்புக் கேமராவும் அந்த வேலையைச் சத்தமின்றிச் செய்கின்றன.

கட்டட விதிகளைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் முன்புறம் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், தெருவை ஒட்டித் திண்ணை கட்ட விதி இடந்தராது என்பார்கள். உண்மைதான். விட்ட இடத்தில் என்ன செய்தோம் என்பதை அவர்கள் சொல்வதில்லை. கார் நிறுத்தினோம். மிச்சத்தைச் சிமெண்டு பூசி மூடினோம். மூடியதன்மேல் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல் விரித்தோம். மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்களுக்கெல்லாம் 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் இது என்பது அந்தப் புல்லுக்குத் தெரியாது. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. சித்திரை மதியத்தில் அதன்மேல் வெறுங்காலுடன் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு படம் எடுக்க அது உதவும்.

எங்களுக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மாலைகளில் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் கூடி வாசித்துக்கொண்டிருந்தோம். பாய் விரித்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்காருவோம். அருகில் வடாம் காயும், துணி காயும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் சில நாள் வந்து கேட்டுவிட்டு, "இன்னிக்குக் கதை சுமார்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். எந்த இதழிலும் எங்களுக்கு அத்தனை நேர்மையான விமர்சகர் வாய்க்கவில்லை. ஒருநாள் மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு. ஆறு மாதம் கழித்துப் பிளாஸ்டிக் புல், விளக்குச் சரம், முட்டை வடிவ ஊஞ்சல் இரண்டு ஆகியவற்றோடு மாடி மீண்டும் திறக்கப்பட்டது, பிறந்தநாள் விழாக்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு. வடாம் காயவைக்கத் தடை. பார்வைக்கு அசிங்கமாம்.

அசிங்கம் என்ற அந்தச் சொல்லில் எங்களால் சற்று நிற்காமல் இருக்க முடியவில்லை. வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளின் மூன்றடி பால்கனிகளைப் பார்த்திருக்கிறோம். காலி எண்ணெய் டின்னில் துளசி, பெயிண்ட் வாளியில் கற்பூரவல்லி, கம்பியில் படரவிட்ட முல்லை, அதன் ஊடே பள்ளிச் சீருடை உலரும். எந்த நிபுணரும் வந்து யோசனை சொன்னதில்லை. அங்கே நின்றால் எதிர்வீட்டுக்காரரிடம் பேசலாம், கீழே போகும் கீரைக்காரம்மாவைக் கூப்பிடலாம். நமது நகரங்களில் வெளியிடத்தை மெய்யாக அனுபவிப்பவர்கள் இவர்கள்தாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அலங்காரத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்தப் படம் வராது, ஏனெனில் இதில் விற்பதற்கு எதுவுமில்லை.

வாசற்கோலத்தையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்வீட்டின் வெளி அலங்காரங்களில் தலையாயது அது. வீட்டின் எல்லைக்கு வெளியே, தெருவின் மேல் போடப்படுவது. அரிசி மாவானால் எறும்பு தின்னும். மதியத்துக்குள் சைக்கிள் ஏறும். போட்டவளைவிட வழியில் போகிறவர்கள்தாம் அதை அதிகம் பார்க்கிறார்கள். அந்த இடம் எத்தனை பொதுவானது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் இருக்கிறது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. பால்கனியில் உருளி வைத்ததற்காக யாரையும் பிடித்ததில்லை. இப்போது கோலமும் ஒட்டுத்தாளாகிக் கதவுக்கு உட்புறம், செருப்பு படாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

சரி, இன்றைய வழிப்போக்கன் யார்? உணவுப் பொட்டலத்தைச் சுமந்து வரும் இளைஞன். கூரியர் கொண்டுவருபவர். மதியம் இரண்டு மணிக்கு எந்த நிழலும் இல்லாமல் தன் வண்டியின் மேலேயே சாய்ந்து தூங்குகிறவர். இவர்கள் உட்கார ஒரு வீட்டிலும் இடம் வைத்துக் கட்டுவதில்லை. கடைகளின் வெளிப்படிகளிலோ யாரும் அமர்ந்துவிடாதபடி இரும்பு முனைகள் பதிக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தித்தான் நாள் முழுதும் நின்றிருக்கும் விற்பனைப் பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 2025இல் சென்னை மாநகராட்சி இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்கென்று அண்ணாநகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது, நல்ல காரியம். ஆனால் 1924இல் நடப்பதற்கு, 2021இல் உட்காருவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் அரசாணை கேட்கும் சமூகம், விருந்தோம்பலைத் தன் பிறவிக்குணம் என்று எழுதுவதை அருள்கூர்ந்து குறைத்துக்கொள்ளலாம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நான்காம் மாடியில் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்று நண்பர் அன்றே கேட்டார். அவர் தமது குடியிருப்புச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறார். பழைய மதிலை இடித்துக் கட்டப்போகிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அந்த இடத்தில் மட்டும் மதிலைச் சொந்த எல்லைக்குள்ளேயே இரண்டடி பின்னுக்குத் தள்ளி, ஒன்றரையடி உயரத்தில் தெருவைப் பார்த்து ஒரு மேடை கட்டச் சொன்னோம். மேலே வழவழப்பான கடப்பாக்கல் போதும், வேண்டுமானால் ஆத்தங்குடிக் கல்லே பதிக்கலாம். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை. தூண் தேவையில்லை. குழுவில் வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். யார் யாரோ வந்து உட்காருவார்கள் என்று பதினோரு பேரில் ஒன்பது பேர் மறுத்துவிட்டார்களாம். தண்ணீர்ப் பானைக்கு மட்டும் சம்மதம் கிடைத்திருக்கிறது, அதுவும் கோடை முடியும்வரை. மதில் வேலை ஆவணியில்தான் தொடங்குகிறது, அதற்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது, மறுபடி கேட்கிறேன் என்றார். அளவுகளை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பியிருக்கிறோம்.