கடிவாளம் யார் கையில்?

சிறுபான்மையோரைக் காக்க வேண்டுமானால் பேச்சுரிமைக்குக் கடிவாளம் இட்டாக வேண்டும் என்னும் அபிப்பிராயம், நல்லெண்ணம் படைத்தோர் பலரிடத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. இழிசொல் உண்டாக்கும் காயம் மெய்யானது. அதை அற்பமென்று தள்ளுவோர் அதற்கு ஆளாகாதவர்கள். வன்முறையைத் தூண்டுவோரைத் தண்டிப்பதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும், சட்டத்தை இயற்றுவோரும், அதைப் பிரயோகிக்கும் போலீசாரும், தீர்ப்புச் சொல்லும் ஜூரர்களும் பெரும்பான்மையோரிலிருந்தே வருகையில், அந்தக் கடிவாளம் யார் கையில் போய்ச் சேரும் என்று இவர்கள் ஏன் விசாரிப்பதில்லை?

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் பட்ட கொடுமைகளை எடுத்துரைத்து, மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குக்குப் பொருளுதவி கோரிய அதில் சில பிழைகள் இருந்தன. மாணவர்கள் பாடியது தேசிய கீதம். விளம்பரமோ வேறொரு தேசபக்திப் பாடலைச் சொல்லிற்று. கிங் கைதானது நான்கு முறை. ஏழு என்று அச்சாகியிருந்தது. இவ்வளவு போதுமாயிருந்தது. அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரப் போலீசுக்குப் பொறுப்பாயிருந்த சல்லிவன், தம் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லாதிருந்தும், தம் கீர்த்திக்குப் பங்கம் நேர்ந்ததென்று அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அலபாமா முழுமைக்கும் சென்ற பிரதிகளே சுமார் 394. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி 5,00,000 டாலர் நஷ்டஈடு விதித்தது. அதுவும் பத்திரிகையின்மீது மட்டுமன்று, தம்மைக் கேளாமலே பெயர் சேர்க்கப்பட்டிருந்த நான்கு கறுப்பினப் பாதிரிமார்மீதும். மேல்முறையீடு முடியுமுன்னரே அவர்களுடைய மோட்டார் வாகனங்கள் ஜப்தி செய்யப்பட்டன.

வாசகத்தைச் செம்மையாக எழுதிவிட்டால் துஷ்பிரயோகம் நேராதென்பார் உண்டு. அலபாமாவின் அவதூறு விதியும் நிறம் பார்த்து எழுதப்பட்டதன்று; மனிதனின் மானத்தைக் காப்பதற்கென்று ஏற்பட்டதுதான். அந்த விதியே, வாக்குச்சீட்டும் மறுக்கப்பட்டு, தம் துயரை உலகுக்குச் சொல்லும் வாய் ஒன்றே மிஞ்சியிருந்த ஜனங்களின் வாயைக் கட்டப் பயன்பட்டது. தேர்தலில் வெல்லக்கூடியவனுக்குப் பேச்சு பல ஆயுதங்களில் ஒன்று. எந்நாளும் எண்ணிக்கையில் தோற்பவனுக்கு அதைவிட்டால் வேறு கதி ஏது?

சல்லிவன் வழக்கில் 1964 மார்ச் 9 அன்று, நீதிபதி பிரென்னன் எழுதிய ஏகமனதான தீர்ப்பில், பொய்யென்று அறிந்தோ, மெய்பொய்யைச் சற்றும் பொருட்படுத்தாமலோ சொன்னதாக நிரூபித்தாலன்றி, அதிகாரி ஒருவர் தம் உத்தியோக நடத்தையைப்பற்றிய கண்டனத்துக்கு நஷ்டஈடு பெற இயலாதென்று அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் விதித்தது. அந்தப் பாதிரிமாரை விடுவித்தது புதிய தடை எதுவுமன்று. பழைய தடையொன்றைத் தளர்த்தியதுதான்.