முன்சக்கர இயக்கம்: சறுக்கலின் செலவு யாருடையது?

டிராக்டர் விளம்பரங்கள் குதிரைத்திறனை உரக்கச் சொல்கின்றன. மண்ணில் சக்கரம் எவ்வளவு சறுக்கும் என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை. உழவரின் பணம் ஓசையின்றிக் கரையும் இடங்களுள் அச்சறுக்கலும் ஒன்று.

கணக்கு எளியது. பத்துச் சுற்றுச் சுற்றிய சக்கரம் ஒன்பது சுற்றின் தொலைவையே கடந்தால் சறுக்கல் 10 சதவீதம். எட்டுச் சுற்றின் தொலைவையே கடந்தால் 20 சதவீதம். முதல் நிலையில் 8 மணி நேரத்தில் உழுது முடியும் நிலம், சக்கரம் அதே வேகத்தில் சுழன்றாலும், இரண்டாம் நிலையில் 9 மணி நேரம் கேட்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி நிலவுடைமை 1.08 ஹெக்டேர். இந்த அளவு நிலமுடையோரில் பலருக்கு டிராக்டர் என்பது வாடகைக்கு வரும் பொருள். மணிக்கணக்கில் வாடகை பேசப்படும் ஊர்களில் அந்த ஒன்பதாம் மணியின் கூலியைத் தருபவர் நிலத்துக்காரர். வண்டியைத் தேர்ந்தெடுத்தவரோ வேறொருவர்.

முன்சக்கரத் துணை இயக்கத்தின் பயனை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பின்சக்கரம் மட்டும் இயங்கும் டிராக்டரில் முன்சக்கரங்கள் வண்டியின் எடையில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு சும்மா உருள்கின்றன. இளகிய மண்ணில் அவையே ஒரு தடையும் ஆகின்றன. அவற்றுக்கும் விசை கிடைத்தால் அந்த எடை இழுவைக்குப் பயன்படுகிறது. முன்சக்கரம் அழுத்திச் சென்ற தடத்தில் வரும் பின்சக்கரத்துக்கும் பிடிப்புக் கூடுகிறது. சேற்றில் வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரங்கள் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளாமல், திரும்பும் திசைக்கே இழுக்கின்றன.

சந்தையில் இதற்கு வழங்கும் பெயர் 'ஃபோர் வீல் டிரைவ்'. 'துணை' என்ற சொல்லே பொருத்தமானது. சிறிய முன்சக்கரங்களின் விளிம்பு, பின்சக்கரங்களின் விளிம்பைவிடச் சற்றே, பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம் வரை, விரைவாகச் செல்லும்படி பற்சக்கரங்கள் அமைக்கப்படுகின்றன. வயலில் இந்த முந்துதலை மண் ஏற்றுக்கொள்கிறது. தார்ச்சாலையில் அதற்கு இடமில்லாததால் டயர் தேய்கிறது. ஆகவே தேவையானபோது மட்டும் இணைத்துப் பின்னர் விடுவிக்க வேண்டிய அமைப்பு இது. மலிவாகக் கிடைத்தது என்று வேறு அளவு டயரை முன்னால் மாட்டினால் இந்த விகிதமே குலைந்துவிடும்.

எல்லா வேலைக்கும் இது இன்றியமையாதது என்பது விற்பனையாளரின் வாதம். உலர்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்குப் பயன் குறைவு. அதன் சுழலும் கத்திகளே வண்டியை முன்னே தள்ளுகின்றன. ஆண்டில் பாதி நாள் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கூடுதல் விலையை நியாயப்படுத்துவதும் கடினம். ஆனால் முதல் மழைக்குப் பின் விதைப்புக்குச் சில நாள்களே வாய்க்கும் விதர்ப்ப, மாளவக் கரிசலில் நிலைமை வேறு. ஈரக் கரிசல் சக்கரத்தை விடாது. காய்ந்தால் கலப்பையை விடாது. கோதாவரிப் படுகையின் சேற்றுழவுக்கும் இது பொருந்தும். அத்தகைய இடங்களில் பெரிய எஞ்சினை வாங்குவதைவிட, இருக்கும் திறனைத் தரையில் இறக்கும் அச்சை வாங்குவதே அறிவுடைமை. சறுக்கும் சக்கரத்துக்குக் கூடுதல் குதிரைத்திறன் தந்தால் அது மேலும் சறுக்கும், அவ்வளவே.

2014-15 முதல் நடைமுறையிலுள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் வாடகை மையங்களுக்கு மானியம் தருகிறது. மானியத்தை முடிவு செய்வோர் குதிரைத்திறனுக்கு முன் மண்ணைக் கேட்க வேண்டும். கரிசலிலும் நன்செய்யிலும் இயங்கும் மையங்கள் மணிக்கணக்கை விட்டு ஏக்கர் கணக்கில் வாடகை வாங்கவும் வேண்டும். அப்போது சறுக்கலின் இழப்பு வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் தலையிலேயே விழும். முன்சக்கர இயக்கம் வேண்டுமா என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்வார். ஏக்கர் கணக்கு வந்தால் ஓட்டுநர் மேலாகக் கீறிவிட்டு விரைந்து போய்விடுவார் என்ற அச்சம் நியாயமானது. எத்தனை அங்குல ஆழம் என்பதையும் வாடகைப் பேச்சிலேயே முடிவு செய்துகொள்ளலாம். ஆழத்தை அளக்க ஒரு குச்சி போதும்.