வரவுசெலவும் படைப்பும்: ரோஜர் கார்மன் குறித்த மறுமதிப்பீடு

அமெரிக்கச் சுயாதீனத் திரைப்பட இயக்குநரும் தயாரிப்பாளருமான ரோஜர் கார்மன் (1926–2024) மலிவான திகில் படங்களின் வணிகராகவே பெரிதும் மதிப்பிடப்படுகிறார். இம்மதிப்பீடு முழுமையானதன்று. தென்மாநிலங்களின் நிறவெறியைச் சாடி அவர் இயக்கிய 'தி இன்ட்ரூடர்' (1962) திறனாய்வாளர்களின் பாராட்டைப் பெற்றும் வசூலில் தோற்றது. அதன்பின், சமூக விமர்சனத்தை வெளிப்படையாகக் கூறாது கேளிக்கையின் அடியோட்டமாக அமைப்பதையே அவர் நெறியாகக் கொண்டார்.

1970இல் தொடங்கிய நியூ வேர்ல்டு பிக்சர்ஸ் வழியாக ஒருபுறம் குறைந்த செலவுப் படங்களைத் தயாரித்தார். மறுபுறம் பெர்க்மனின் 'கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', ஃபெலினியின் 'அமர்கார்ட்' ஆகியவற்றை அமெரிக்காவில் வெளியிட்டார். வணிகப் படங்களுக்கென அமைந்த விநியோகமே கலைப்படங்களுக்கும் வழிதிறந்தது. எனவே வணிகம், கலை எனும் இருமைப் பகுப்பு இவர்பால் பொருந்தாது.

கொப்போலா, ஜோனதன் டெம்மி முதலானோர் இவரிடம் தொழில் பயின்றனர். எனினும், அப்பயிற்சிக்களம் குறைந்த ஊதியத்தின்மீது எழுந்தது என்பதை மறைத்தலாகாது. 2009இல் வழங்கப்பட்ட சிறப்பு ஆஸ்கார் விருது அவர்தம் புகழை உறுதிசெய்தது. அப்புகழுக்கு அடித்தளமான உழைப்பைப் பதிவுசெய்வது திரை வரலாற்றாய்வின் கடன். திரைப்படச் சுருளைப் போலவே ஊதியப் பதிவேடும் அவ்வாய்வுக்குரிய முதன்மைச் சான்றாகும்.