முதலில் தப்பாக எழுதட்டும்

எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கணினி அறிவியலில் பைத்தான் பாடம். வீட்டுப் பால் கணக்குக்கு ஒரு நிரல் எழுதினாள். காலையில் 3 லிட்டர், மாலையில் 2 லிட்டர். கூட்டினால் 32 என்று வந்தது! "தாத்தா, கம்ப்யூட்டருக்கே கூட்டல் தெரியல" என்று சிரித்தாள். நாம் தட்டும் எண்ணைப் பைத்தான் வெறும் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும், எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும் என்று அரை நாள் போராடி அவளே கண்டுபிடித்தாள். இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

பொங்கலுக்கு வந்த உறவினர், சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர், அதைப் பார்த்தார். "ஏ, பி என்றா பெயர் வைப்பார்கள்? விளக்கக் குறிப்பு எங்கே? முதலில் முறையைக் கற்றுக்கொள், அப்புறம் எழுது" என்றார். இரண்டு வாரம் அந்தப் பெண் லேப்டாப்பைத் தொடவில்லை. என் கோபம் அதில்தான்.

முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரார் பணத்தைக் கையாளும் நிரலை விளையாட்டாக எழுத முடியாது. ஆனால் பைத்தான் வெளிவந்தது 1991-இல். வரிக்கு 79 எழுத்துக்கு மேல் போகாதே, உள்தள்ள 4 இடம் விடு என்று சொல்லும் 'பெப் 8' ஆவணம் வந்தது 2001-இல். பெரியவர்களுக்கே எழுதிப் பார்த்த பிறகுதான் விதி. பிள்ளைக்கு மட்டும் விதி முதலில் எதற்கு?

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். நாமெல்லாம் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தானே பழகினோம்? இன்றைக்கும் அப்படியா ஓட்டுகிறோம்? முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்: தப்பு செய்த பிள்ளைக்குத்தான் விதியின் அருமை புரியும். தப்பே செய்யாத பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம்.

நம் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் கதை தெரியாதவர் இங்கே யார்? வழக்காட வந்த கிழவரை அவர் திட்டிய சொல்லையே முதல் பதிகத்தின் முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார் இறைவன். "முதலில் இலக்கணம் படித்து வா" என்று திருப்பி அனுப்பவில்லை.

நேற்று அவள் மறுபடி லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். ஏ, பி போய், 'காலை', 'மாலை' என்று பெயர் மாறியிருந்தது. "ஏன்மா மாத்தின?" என்றேன்.

"எது ஏ, எது பின்னு எனக்கே மறந்துபோச்சு தாத்தா."

விதி வந்துவிட்டது. வர வேண்டிய நேரத்தில்.