கடைப்படியில் உறங்குவோர்

வணிகப் பெருமக்களே! மக்களின் நலனுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பவள் நம் சமயபுரத்தாள். அவள் சந்நிதியில் 2021 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. வீடற்றோர் பலருக்குச் சோறு கிடைத்துவிடுகிறது. இரவில் தலைசாய்க்கத்தான் இடமில்லை.

பூச்சொரிதலுக்குப் பந்தல் போட்டு நீர்மோர் வழங்கும் வியாபாரிகளே, கடைப்படியில் படுப்பவர்களைத் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறோம். இதை எழுதும் நாமும் அப்படிச் செய்தவர்தாம், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தர்மம் திருவிழா நாளோடு முடிவதல்ல என்பதே அது சொல்லும் பாடம். நமது மகமையில் ஒரு பங்கை ஒதுக்கி, பாய், போர்வை, கழிப்பறையுடன் ஓர் இரவுக் கூடம் அமைப்போம். அதுவரை, படியையாவது ஈரமாக்காமல் விடுவோம்.