கூட்டு மருந்து கொடுத்தால் கடமை முடிந்ததா?

எச்ஐவி தொற்றுடன் வாழ்வோருக்கு ஏஆர்டி கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு இலவசமாக வழங்கி வருகிறது. அதன் பயனாக ஐம்பது வயதைக் கடந்தோர் பெருகியுள்ளனர். ஆனால், எய்ட்ஸிலிருந்து மீண்ட உடலை வேறு நோய்கள் தாக்குகின்றன. அமெரிக்காவில் தொற்றாளர்களின் புற்றுநோய் மரணங்களுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று நுரையீரல் புற்றுநோய். புகைப்பழக்கத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் அவர்களுக்கு இந்த அபாயம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், கடும் புகைப்பழக்கம் உள்ளோரிடையே இந்நோய் மரணத்தை 20 விழுக்காடு குறைத்ததாக 2011இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு நிறுவியது. 2013இல் அந்நாடு பரிசோதனைக்கு வகுத்த வரம்பு, 55 வயதும் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டுப் புகைப்பழக்கமும். குறைவாகப் புகைத்தும் இளவயதிலேயே நோயுறும் கறுப்பின மக்கள் பலர் அதற்கு வெளியே நின்றனர். 2021இல் வரம்பு 50 வயது, 20 ஆண்டுகள் எனத் தளர்ந்தது. எச்ஐவி தொற்றுக்கெனத் தனி வரம்பு அப்போதும் வகுக்கப்படவில்லை. யாருடைய உடலை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, சமத்துவக் கேள்வியும்கூட.

இந்தியாவில் அரசின் மக்கள்தொகை அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தொற்று தொடர்பான பரிசோதனை, ஏஆர்டி, சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான சிகிச்சை ஆகியவற்றை, அதுவும் 'இயன்ற அளவு', வழங்கச் சொல்கிறது. நுரையீரல் புற்றுநோய் சந்தர்ப்பவாதத் தொற்று அன்று. எய்ட்ஸைக் குறிக்கும் புற்றுநோய்களின் பட்டியலிலும் அது இல்லை. ஆக, சட்டத்தின் சொற்களுக்கிடையே நோயாளி நழுவி விழுகிறார். பணம் உள்ளவர் தனியார் ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே அறிவார். அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பும் தலித் கூலித் தொழிலாளி, இருமலில் இரத்தம் கண்ட பிறகே அறிவார்.

இந்த இடைவெளியை நிரப்ப முன்னுதாரணங்கள் உண்டு. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்க 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பிறருக்கு அது 30. கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நல உரிமையை அரசமைப்பின் 21ஆம் கூறோடு இணைத்தது.

எல்லோருக்கும் ஸ்கேன் என்று நாம் கோரவில்லை. காசநோய் மிகுந்த நம் நாட்டில் பழைய தழும்பும் கட்டியாகத் தோன்றலாம்; தேவையற்ற திசுப் பரிசோதனையும் தீங்கே. நாம் கோருவன இவை: ஏஆர்டி மையங்கள் ஒவ்வொருவரின் புகைப்பழக்கத்தையும் பதிவு செய்து, அதைக் கைவிட உதவ வேண்டும். அபாயம் மிக்கோருக்கு இலவச ஸ்கேனும் தொடர் சிகிச்சையும் உறுதியாக வேண்டும். வேறு துறைக்கு அனுப்பும்போது, ஒப்புதலின்றித் தொற்று நிலையை வெளியிடலாகாது. தொற்றைக் காட்டி அறுவை சிகிச்சையை மறுப்பது 3ஆம் பிரிவின்படி சட்டவிரோதப் பாகுபாடு என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் உணர வேண்டும்.