தூண்டில் கற்பிக்கும் அடக்கம்

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவர், இயற்பெயர் மறைந்து, தாம் கூறிய உவமையாலேயே ‘மீனெறி தூண்டிலார்’ என வழங்கப்பெறுகிறார். யானை வளைத்துக் கைவிட்ட பசிய மூங்கில் விசையோடு நிமிர்வது, மீனைப் பற்றியதும் மேலெழும் தூண்டிலைப் போன்றது என்பது அவர் கண்ட காட்சி. மலையும் மூங்கிலும் யானையும் முல்லைப் பெரியாறும் ஒருங்கே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு இவ்வுவமை வெறும் ஏட்டுச் செய்தியன்று. தூண்டிலை மேலிழுக்கும் கலையை நம் ஊர்ப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்கிறார்கள். அதனை நீரில் இடாதிருக்க வேண்டிய நேரம் எது என்பதை அவர்களுக்கு யார் கற்பிக்கிறார்கள்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இளமையில் கற்ற பாடம்

காமயகவுண்டன்பட்டியில் நாம் சிறுவராயிருந்த காலத்தில் மூங்கில் கழியும், நைலான் நரம்பும், தக்கையும், மண்புழுவுமே நம் விடுமுறைச் செல்வங்கள். ஒருமுறை ஊரையொட்டிய குளத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீர்மேல் நிற்கக் கண்டோம். விரால் தன் குஞ்சுகளை விட்டகலாது அருகிலேயே காவல் காக்கும் இயல்புடையது. குஞ்சுத் திரளின்மேல் தவளையைக் கட்டி ஆட்டினால், காவல் மீன் சினந்து பாய்ந்து கவ்வும். இதனினும் எளிய வேட்டை வேறில்லை. நாமும் அவ்வாறே பிடித்துக் கரையில் போட்டுக் களித்தோம்.

அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் மீனையும் குளத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “ஏன் தம்பி, நாளைக்கு இந்தக் குளத்துப் பக்கம் வரமாட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பொருள் மறுநாள்தான் விளங்கிற்று. செந்திரள் சிதறிப் போயிருந்தது. நீர்க்காகங்கள் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தன. ஒரு வேளைக் குழம்புக்காகக் குளத்தின் ஒரு தலைமுறையையே பறிகொடுத்திருந்தோம். ஆண்டுகள் பல கழிந்தும் அம்முதியவரின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

வளர்ச்சிப் படிகள்

தூண்டிற்காரர்க்கும் பருவங்கள் உண்டு. முதலில் ஒரு மீனேனும் கிடைத்தால் போதும் என்னும் ஆவல்; பின்னர்க் கூடை நிறைய வேண்டும் என்னும் வேட்கை; அதன்பின் பெரிய மீன், அரிய மீன் என்னும் பெருமிதம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹாப்சன் பிரையன் 1977இல் வெளியிட்ட ஆய்வில், டிரௌட் மீன் பிடிப்போரை அவர்தம் ஈடுபாட்டின் ஆழத்தால் நான்கு வகையாகப் பகுத்தார். ஈடுபாடு முதிர முதிர, மீனை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நாட்டம் குறைந்து, மீனையும் ஆற்றையும் காக்கும் எண்ணம் மிகுவதை அவர் எடுத்துக்காட்டினார்.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய முன்னோடியும் ஒருவர் உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியத் தூண்டில் கலை பற்றி 1873இல் நூல் எழுதிய வல்லுநர். மீன்வளம் பேணப்பட வேண்டும் என்று அரசுக்கு அறிக்கை எழுதியவரும் அவரே. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

எளிதில் கிடைக்கும் நாள்

முதிர்ச்சியின் அடையாளம் யாது? எளிதில் கிடைக்கும் மீனை விட்டுவிடும் மனமே என்பது நம் கருத்து. நீர் இருப்பு வாய்க்கும் ஆண்டுகளில், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்காகப் பெரியாற்று அணையிலிருந்து ஜூன் தொடக்கத்தில் நீர் திறக்கப்படுகிறது. கெண்டை இனங்கள் பல, புதுப்புனல் வரவே சினை சுமந்து எதிரேறும் இயல்பின. அந்நாளில் வாய்க்கால் மடையில் நிற்பவன் கையாலேயே அள்ளலாம். ஆனால் அவன் அள்ளுவது அடுத்த ஆண்டின் மீனை.

திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் கடலோர மக்களின் வரலாறு ஈண்டு எண்ணத்தக்கது. மீன் பிடிக்கலாகாத ஓய்வுநாளில்தான் மீன்கள் அவர்கள் முன் திரண்டு வந்தன. ஏனைய நாட்களில் வரவில்லை. சோதனை வறுமையின் உருவில் வரவில்லை, மிகுதியின் உருவில் வந்தது. சினைமீன் ஏறும் நாளும் அத்தகைய சோதனை நாளே.

காவிரி தரும் எச்சரிக்கை

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்குக் காவிரியே சான்று. 1972இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவுயிர்ச் சங்கத்தின் தூண்டில் ஆர்வலர்கள், மஹசீர் என்னும் பெருங்கெண்டையைப் பிடித்து, அளந்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டனர். வெடி வைப்போரிடமிருந்து ஆற்றையும் காத்தனர். போற்றத்தக்க பணி இது. ஆயினும், வளம் பெருக்கும் நோக்கில் வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர், காவிரிக்கே உரிய திமில் மஹசீரின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. இதனை வெளிப்படுத்தியதும் தூண்டிற்காரர்களின் பிடிப்புக் குறிப்புகளே: 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2015இல் இவ்வீழ்ச்சியை உலகறியச் செய்தனர். 2018இல் அம்மீன், அற்றுப்போகும் பேராபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆற்றிலிருந்து எடுப்பதில் அடக்கம் வேண்டுவது போலவே, ஆற்றில் விடுவதிலும் அடக்கம் வேண்டும்.

பிடித்து விடுவதே உயர்ந்த அறம் என்பாருமுண்டு. உண்ணும் நோக்கமின்றி, களிப்புக்காக மட்டும் ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றுவது தகுமா என்னும் ஐயம் நமக்குண்டு. ஏழை வீட்டு அடுப்புக்கு உதவும் தூண்டிலை நாம் குறைகூறவில்லை. தேவைக்கு எடுத்தலும், எஞ்சியதை நீரிலேயே விட்டுவைத்தலுமே நம் மண்ணுக்கேற்ற நெறி எனலாம்.

நாம் செய்யத்தக்கன

தூண்டிற்காரன் முதிர இருபது ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஆறு காத்திராது. எனவே முதியோர் அறிந்ததை இளையோர் தொடக்கத்திலேயே பெறவேண்டும். குஞ்சு காக்கும் விராலைத் தொடாதிருத்தல். புதுப்புனல் வரும் வாரங்களில் மடையில் வலை கட்டாதிருத்தல். சிறுமீனை ஈரக் கையால் எடுத்து நீரில் விடுதல். அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் எறியாதிருத்தல். ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல் மீனை ஆற்றில் விடாதிருத்தல். தோட்டாவும் நஞ்சும் மின்சாரமும் கொண்டு மீன் பிடிப்போரைத் தடுத்தல். இவை ஆறும் செலவில்லாத அறங்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊர்தோறும் முதிய தூண்டிற்காரர்களை நாடிச் சென்று, முன்பு எம்மீன் எங்கே கிடைத்தது என்பதைக் கேட்டு எழுதலாம்; வழக்கொழியும் மீன்பெயர்களைத் திரட்டுவது தமிழ்த்துறைக்கும் உரிய பணியே. ஊர்ப் பெரியோர் தத்தம் குளத்துக்குச் சினைக்கால ஓய்வு வகுக்கலாம். அன்று கரையில் நின்று கேள்வி கேட்ட முதியவரின் இடத்தில் இன்று நாம் நிற்கிறோம். குளத்தில் மீன் இருக்கும்போதே அக்கேள்வியை நம் பிள்ளைகளிடம் கேட்டுவிடுவோம்.